அரை அங்குலம்

நோட்டரி அலுவலகத்தில் பதினொரு கையெழுத்து.
அப்பாவின் இரண்டறை வீடு
ஒரு பல் மருத்துவருக்குப் போயிற்று.
ரயில் ஐந்து ஐம்பத்திரண்டுக்கு.
'சுற்றிப் பார்க்கலாமா?' என்றான் போகுமில்,
நாங்கள் இந்தத் தோருனில் பிறக்காதவர்கள் போல.

பத்தொன்பது வருஷம் இருந்த ஊர்.
நகரமன்றக் கோபுரத்தில் ஏறியதேயில்லை.
இன்று டிக்கெட் வாங்கி ஏறினோம்.
படிகளை எண்ணத் தொடங்கித்
தொண்ணூறில் மூச்சு வாங்கிக் கணக்கு விட்டுப்போனது.
மேலே காற்று.
கீழே ஓட்டுக் கூரைகள், செங்கல் தேவாலயம்,
விஸ்வா ஆற்றுக்கு அந்தப்புறம்
தீப்பெட்டி போல ரயில் நிலையம்.
இலவச வரைபடத்தை விரித்து அப்பாவின் தெருவைத் தேடினான்.
அதற்கு முன்பே வரைபடம் முடிந்துவிடுகிறது.
அந்த இடத்தில் ஒரு மெத்தைக் கடை விளம்பரம்.

ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி
தன்னைப் படமெடுக்கச் சொல்லி
நன்றிக்கு ஒரு கேள்வியும் கேட்டாள்:
'நீங்கள் எந்த ஊர்?'
'இவாவா' என்றான் அவன், சட்டென்று.
நான் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இஞ்சி ரொட்டி ஒரு டப்பா வாங்கினோம்,
விலை அநியாயம்.
பிறகு சாய்ந்த கோபுரம்.
சுவரில் முதுகை ஒட்டி, கைகளை முன்னால் நீட்டி
விழாமல் நிற்பவர் பாவம் செய்யாதவராம்.
வரிசையில் எங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடமே நின்றது.
அத்தனை பேரும் விழுந்தார்கள், கத்திக்கொண்டு.
போகுமில்லும் விழுந்தான்,
இரண்டு நொடிகூட இல்லை.
எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு
'உன் முறை' என்றான்.

நான் நின்றேன்.
பத்து எண்ணும்வரை நின்றேன்.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
என் குதிகாலுக்கும் சுவருக்கும் நடுவே
அரை அங்குலம் இருந்தது.
நீளப் பாவாடை; யாருக்கும் தெரியவில்லை.

நிலைய லாக்கரில்
அப்பாவின் இஸ்திரிப்பெட்டியும் ரேடியோவும்
பத்திரமாக இருந்தன.
ரயில் கிளம்பி வளைந்து பாலத்தில் ஏறியபோதுதான்
மறந்திருந்தது நினைவுக்கு வந்தது:
இந்த வண்டி ஆற்றைத் தாண்டித் திரும்பவும்
ஊருக்குள்ளேதான் போகும்.
விடைபெற்று வந்த கோபுரங்கள் எல்லாம்
விளக்கேற்றிக்கொண்டு
ஜன்னலுக்கே வந்துவிட்டன.
கோபுரத்தில் அவ்வளவு பேசியவன்
இப்போது பேசவில்லை.

கொவாலெவோவில் யாரும் ஏறவில்லை.
அவன் இவாவாவில் இறங்கிவிடுவான்,
நான் ஒல்ஸ்தின் வரை.
யப்வொனோவோ தாண்டியதும் சொன்னேன்:
'அப்பா கடைசியில் உன்னைக் கேட்டார்.
கேட்கவில்லை என்று நான் சொன்னது பொய்.'

ரொட்டியை மெல்வது நின்றது.
'என்றைக்கு?'
'செவ்வாய்க்கிழமை.'
விரல்விட்டு எண்ணினான்.
செவ்வாயன்று அவன் யார் வீட்டிலோ
வாஷிங் மெஷினுக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தான்.
மூன்று மணி நேரத்தில் வந்திருக்கலாம்.
அதை இருவருமே சொல்லவில்லை.

'என்ன சொல்லிக் கேட்டார்?'
'அந்தக் கழுதை இன்னும் வரலையா, என்று.'
'கழுதை என்றா சொன்னார்?'
'ஆமாம்.'
எழுந்து கதவருகே போய்
இரண்டு நிலையங்கள் நின்றுகொண்டே வந்தான்.
டிக்கெட் பரிசோதகர் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்.

இவாவாவில் இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டான்.
ரேடியோவை என் பக்கம் தள்ளினான்.
வண்டி நகர்ந்தபோது
பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு
நிலையத்துச் சுவரில் முதுகை ஒட்டி
கைகளை நீட்டி நின்றான்.
அந்தச் சுவர் நேரானது.
விழவில்லை; சிரிக்கவும் இல்லை.

எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.